உங்கள் துறைக்கு போஸ்ட்டாக் சந்தை எங்கே, எப்போது கூடுகிறது?

"அக்கா, தீசிஸ் சப்மிட் பண்ணியாச்சு, போஸ்ட்டாக் எப்படித் தேடுறது?" என்று யாராவது வாட்ஸ்அப்பில் கேட்டால் நான் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். உங்கள் துறையில் போஸ்ட்டாக்குக்கு, அதாவது பிஎச்டி முடித்ததும் செய்யும் தற்காலிக ஆய்வு வேலைக்கு, யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? யாரை எடுப்பது என்று முடிவு செய்வது யார்? வருஷத்தில் எப்போது? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் எந்த நாடு நல்லது, விசா எப்படி என்று விசாரித்துக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை.

நம் ஊர் ஆய்வு விடுதிகளில் பரம்பரை பரம்பரையாகக் கைமாறி வரும் அறிவுரை ஒன்று உண்டு. "நூறு புரொபஸருக்கு மெயில் போடு, ஒருத்தராவது பதில் போடுவாரு." வேதியியல், உயிரியல் ஆய்வகங்களிலிருந்து வந்த அறிவுரை இது, அங்கே ஓரளவு பலிக்கவும் செய்யும். இதையே கணிதம் படித்த பெண்ணுக்கும் வரலாறு படித்த பையனுக்கும் சொல்லிவிடுகிறோம் என்பதுதான் சிக்கல். என் விடுதித் தோழி ஒருத்தி, எண் கணிதக் கோட்பாடு அவள் துறை, ஒரு கோடை முழுக்க இப்படி மெயில் அனுப்பினாள். வந்த பதில்கள் எல்லாம் மரியாதையான ஒற்றை வரிகள்: துறையின் விளம்பரம் இலையுதிர் காலத்தில் வரும், அதில் விண்ணப்பியுங்கள். அவர்கள் தட்டிக் கழிக்கவில்லை. அந்தப் பேராசிரியர்கள் கையில் நிஜமாகவே வேலை இல்லை.

ஆய்வக அறிவியலில் போஸ்ட்டாக்கின் சம்பளம் பெரும்பாலும் ஒரு பேராசிரியர் வாங்கிய திட்ட நிதிக்குள் ஒரு வரியாக இருக்கும். அவர் நினைத்தால் எடுக்கலாம், இல்லையென்றால் இல்லை. ஆகவே விளம்பரம் வரும்வரை காத்திருப்பதைவிட பணம் எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது மேல். ஐரோப்பாவில் இ.ஆர்.சி எனப்படும் ஐரோப்பிய ஆய்வுக் குழு கொடுக்கும் நிதிகளைப் பாருங்கள். இளம் பேராசிரியர்களுக்கான ஸ்டார்ட்டிங் கிராண்ட் ஐந்து ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை, அடுத்த நிலையான கன்சாலிடேட்டர் 20 லட்சம் வரை. ஸ்டார்ட்டிங் முடிவுகள் வழக்கமாக செப்டம்பரில் வரும், கன்சாலிடேட்டர் முடிவுகள் ஆண்டுக் கடைசியில். வென்றவர் பெயர், நிறுவனம், திட்டத்தின் தலைப்பு எல்லாவற்றையும் பட்டியலாகவே போட்டுவிடுவார்கள். அந்தப் பட்டியலில் இருப்பவர்களில் அநேகம் பேர் அடுத்த சில மாதங்களில் ஆள் எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த நிதியில் பெரும் பங்கு சம்பளத்துக்குத்தான் போகிறது. அதுவும் ஸ்டார்ட்டிங் கிராண்ட் வாங்கியவர் பலருக்கு இப்போதுதான் சொந்த ஆய்வகம் அமைகிறது, கூட ஆள் இருக்காது, வரும் மெயிலைத் தானே படிப்பார். பெரிய பெயர் உள்ள பேராசிரியருக்கு எழுதுவதைவிட இவருக்கு எழுதுவது எவ்வளவோ மேல்.

ஐரோப்பிய ஒன்றியத் திட்டங்கள் எல்லாம் கோர்டிஸ் தளத்தில் தேடினால் கிடைக்கும். ஜெர்மனியின் ஆய்வு நிதி அமைப்பான டி.எஃப்.ஜி கொடுத்த நிதிகள் கெப்ரிஸ் தளத்தில், பிரிட்டனுடையது கேட்வே டு ரிசர்ச்சில், அமெரிக்க மருத்துவ ஆய்வு நிதி என்.ஐ.எச் ரிப்போர்ட்டரில், பிற அறிவியல்களுக்கு என்.எஸ்.எஃப் தேடல் பக்கத்தில். எல்லாமே இலவசம், கணக்கு தொடங்கக்கூடத் தேவையில்லை. உங்கள் தீசிஸின் முக்கியச் சொற்கள் இரண்டை அங்கே தட்டி, எப்போது தொடங்கிய திட்டம், எப்போது முடிகிறது என்று பாருங்கள். போன வருஷம் தொடங்கியது என்றால் எழுதலாம். இன்னும் ஆறு மாதத்தில் முடிகிறது என்றால் அந்தப் பேராசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்களுக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்காது.

அப்புறம் அந்த மெயில். "மரியாதைக்குரிய ஐயா, உங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் பணியாற்ற வாய்ப்பளித்தால் என்றென்றும் நன்றியுடையவனாக இருப்பேன்" என்று தொடங்கும் மடல்கள் எனக்கே ஃபார்வர்ட் ஆகி வருகின்றன, நம் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் என் பேராசிரியர் என்னிடம் தள்ளிவிடுகிறார். படித்தால் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும், ஏனென்றால் எழுதியவருக்கு என்ன செய்யத் தெரியும் என்பது கடைசி வரி வரை வராது. நான் வேலை செய்வது சோடியம் அயனி பேட்டரிகளில். அந்தத் துறையில் ஒரு ஜூனியர் எழுதி, மூன்றே நாளில் பதில் வாங்கித் தந்த மடலின் சாரம் இது: "உங்கள் சமீபக் கட்டுரையில் பி2 வகை அடுக்கு ஆக்சைடில் 4.2 வோல்ட்டுக்கு மேல் வரும் கட்ட மாற்றத்தை மக்னீசியம் சேர்த்துத் தணித்திருக்கிறீர்கள். அதே மாற்றத்தை, செல் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்ரே விளிம்பு விளைவில் பின்தொடரும் அமைப்பை என் முனைவர் ஆய்வில் நானே கட்டியிருக்கிறேன், படம் இணைப்பில். 2026 ஜூன் முதல் வர முடியும். உங்கள் புதிய திட்டத்தில் இடம் இருக்கிறதா, இல்லையென்றால் உங்களோடு சேர்ந்து ஃபெலோஷிப்புக்கு எழுதலாமா?" அவ்வளவுதான். பொருள் வரியில் வேலை, துறை, தொடங்கும் மாதம். சி.வி. இரண்டு பக்கம். பள்ளி மதிப்பெண், அப்பா பெயர், மத விவரம், "மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்" எதுவும் கிடையாது.

ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல் போடலாம், இரண்டாவது வேண்டாம். ஸ்வீடன், நார்வே மாதிரி நாடுகளில் பேராசிரியருக்கு உங்களை எவ்வளவு பிடித்துப்போனாலும் முறையான விளம்பரம் வந்து, தளத்தில் விண்ணப்பம் போட்டு, வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும். நார்வேக்கு ஜாப்நோர்கே, நெதர்லாந்துக்கு அகாடெமிக் டிரான்ஸ்ஃபர், பிரிட்டனுக்கு ஜாப்ஸ்.ஏசி.யுகே, ஐரோப்பா முழுவதற்கும் யுராக்ஸஸ், பிரான்சுக்கு அந்நாட்டு அரசு ஆய்வு மையமான சி.என்.ஆர்.எஸ் நடத்தும் வேலைத் தளம், ஜப்பானுக்கு ஜேரெக்-இன். இவற்றில் மின்னஞ்சல் எச்சரிக்கை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள், தினமும் போய்ப் பார்ப்பது மனசுக்கு நல்லதில்லை. ஸ்வீடனில் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு வரும் விண்ணப்பங்கள் பொது ஆவணம், யார் யார் போட்டார்கள் என்று கேட்டு வாங்கிப் பார்க்கலாம். எத்தனை பேர் அப்படிப் பார்க்கிறார்களோ, எனக்கு அது இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

தைவான், தென்கொரியா பக்கம் வேதியியல், பொருளறிவியல் ஆட்கள் போவது வேறு வழி. அங்கே ஏற்கெனவே இருக்கும் சீனியர் பேராசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்வார், வேலை முடிந்தது. இதை மட்டம் என்று நினைக்காதீர்கள், எல்லா நாட்டுக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். நாம் கொஞ்சம் வெளிப்படையாகச் செய்கிறோம். ஒரே ஒரு விஷயம்: சேர்வதற்கு முன் அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு வெளியேறியவர் ஒருவரிடம் பேசுங்கள். உள்ளே இருப்பவர் உண்மையைச் சொல்ல மாட்டார், அவருக்கு ஒப்பந்த ரினியூவல் இருக்கிறது.

கணிதத்துக்கு வருவோம். அங்கே சந்தை வருஷத்துக்கு ஒரு முறைதான். மேத்ஜாப்ஸ் என்ற தளத்தில் விளம்பரங்கள் ஆகஸ்ட், செப்டம்பரிலிருந்து வரும், கெடு பெரும்பாலும் நவம்பர், டிசம்பர், வேலை தொடங்குவது அடுத்த ஆகஸ்டில். அதாவது வைவா முடிந்ததும் தேட ஆரம்பித்தால் ஒரு வருஷம் போச்சு. ஆய்வு அறிக்கை, கற்பித்தல் அறிக்கை, நாலு பரிந்துரைக் கடிதம், அதில் ஒன்று நீங்கள் பாடம் எடுத்ததைப் பற்றி. நம் ஊர் பிஎச்டி மாணவர் பலருக்கு இந்தக் கடைசிக் கடிதத்தை எழுத ஆள் கிடைப்பதில்லை, ஏனென்றால் யாரும் அவர்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்ததில்லை. கடைசி வருஷத்தில் ஒரு டுடோரியலாவது எடுத்து, ஒரு ஆசிரியரை வந்து பார்க்கச் சொல்லுங்கள். இந்தியாவிலேயே இருக்க நினைத்தால் தேசிய உயர்கணித வாரியத்தின் (என்.பி.எச்.எம்) போஸ்ட்டாக் ஃபெலோஷிப் இருக்கிறது, சென்னை கணித அறிவியல் நிறுவனம், மும்பையின் டாடா ஆய்வு நிறுவனம் (டி.ஐ.எஃப்.ஆர்) போன்றவை தாங்களே தனியாக எடுக்கின்றன.

கோட்பாட்டு இயற்பியலும் வானியலும் கணிதத்தின் சொந்தக்காரர்கள். துகள் இயற்பியல் ஆட்கள் இன்ஸ்பயர் தளத்தின் வேலைப் பக்கத்தைப் பார்ப்பார்கள். வானியலுக்கு அமெரிக்க வானியல் கழகத்தின் ஜாப் ரெஜிஸ்டர். நாசா ஹபிள் ஃபெலோஷிப்பின் கெடு வழக்கமாக நவம்பர் தொடக்கத்தை ஒட்டி வரும். வானியலில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது: போஸ்ட்டாக் வேலை கொடுப்பவர் பிப்ரவரி 15க்கு முன் பதில் சொல்லியாக வேண்டும் என்று நெருக்கக் கூடாது. ஆகவே டிசம்பரிலேயே ஓர் இடம் கிடைத்துவிட்டால் பதறி ஒப்புக்கொள்ளாமல் மற்ற முடிவுகளுக்குக் காத்திருக்கலாம். ஆய்வக அறிவியலில் இப்படி எதுவும் கிடையாது, ஒரு வாரம் தருவார்கள், அதுவே தாராளம்.

பொருளாதாரம் எனக்கு வெளித்துறை, சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் ஜே.ஓ.இ என்ற வேலைப் பட்டியல், ஜாப் மார்க்கெட் பேப்பர் என்று ஒற்றைக் கட்டுரையில் எல்லாவற்றையும் பந்தயம் கட்டுவது, ஆண்டுக் கடைசியை ஒட்டி உங்களுக்கு மிகவும் பிடித்த இரண்டு இடங்களுக்கு மட்டும் "எனக்கு உண்மையாகவே விருப்பம்" என்று சிக்னல் அனுப்பும் ஏற்பாடு. கல்யாணப் பேச்சு மாதிரி இருந்தாலும் ஒழுங்காக நடக்கிறது என்கிறார்கள்.

ஹியூமானிட்டீஸ் எனப்படும் கலைத் துறைகள்தான் அதிகம் கைவிடப்பட்டவை. வரலாறு, மொழி, இலக்கியம், மெய்யியல் படித்தவர்களிடம் "உங்களுக்கெல்லாம் ஏது போஸ்ட்டாக்" என்று நம் ஊரில் முகத்துக்கு நேரே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இருக்கிறது, ஆனால் இரண்டே வாசல். ஒன்று, பெரிய திட்டங்களுக்குள். தர்மா என்று ஓர் இ.ஆர்.சி திட்டம் 2019இல் தொடங்கியது, பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியும் பாரிசின் சி.என்.ஆர்.எஸ்ஸும் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தியது. தெற்காசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுகளை மின்பதிப்பாக்கும் வேலை, அதில் தமிழ்க் கல்வெட்டுக்கும் பங்கு உண்டு. ஹாம்பர்க்கின் சுவடிப் பண்பாட்டு ஆய்வு மையத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் மேல் பல ஆண்டுகளாக வேலை நடக்கிறது. சுவடி படிக்கத் தெரிந்த, கிரந்தம் தெரிந்த ஒருவருக்கு இங்கே இருக்கும் மதிப்பு நம் ஊர் நேர்முகத் தேர்வுகளில் கிடைப்பதில்லை. இப்படிப்பட்ட திட்டங்களின் விளம்பரம் பெரிய வேலைத் தளங்களுக்கு வருமுன் இந்தாலஜி மடற்குழு, எச்-நெட் மாதிரி இடங்களில் வந்துவிடும். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு நிறுவனத்துக்கு ஒரு முறை நேரில் போய் நூலகத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதும் தேடலில் ஒரு பகுதிதான், அங்கே வந்துபோகும் ஆய்வாளர்கள் பலர் நாளைக்கு இந்தத் திட்டங்களை நடத்துகிறவர்கள்.

இரண்டாவது வாசல், தனி ஆளுக்கான ஃபெலோஷிப். ஃபுளோரன்ஸில் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனம் நடத்தும் மேக்ஸ் வேபர் திட்டம் வரலாறு, சட்டம், பொருளாதாரம், அரசியல் சமூக அறிவியல் ஆட்களுக்கு, பிஎச்டி முடித்து ஐந்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும், கெடு வழக்கமாக அக்டோபர் நடுவில். லெய்டனில் ஆசிய ஆய்வுக்கான நிறுவனம் ஒன்று ஃபெலோக்களை எடுக்கிறது. இந்தியாவில் சமூக அறிவியலுக்கு, சமூக அறிவியல் ஆய்வுக் குழுவான ஐ.சி.எஸ்.எஸ்.ஆர் தரும் போஸ்ட்டாக். என் வரலாற்றுத் தோழன் ஒருவன் முன்மொழிவில் முதல் நாலு பக்கம் சங்க காலத்தின் பெருமையை எழுதிவைத்திருந்தான். அதைத் தூக்கிவிட்டு, எந்த ஊர்க் கோயிலின் எந்தக் கல்வெட்டுத் தொகுதி, இதுவரை யார் படித்தார்கள், எது அச்சாகவில்லை என்று முதல் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன். நான் பேட்டரிக்காரி, ஆனாலும் இது எனக்கே தெரிந்தது, மதிப்பீட்டாளருக்குத் தெரியாதா.

எல்லாத் துறைக்கும் பொதுவானவை என்று பார்த்தால் இரண்டு பெரிய பெயர்கள். ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெலோஷிப்புக்குக் கெடுவே இல்லை, வருஷம் முழுக்கப் போடலாம், பிஎச்டிக்குப் பிறகு நாலு ஆண்டுக்குள் இருக்க வேண்டும், துறைக்கு இவ்வளவு நாட்டுக்கு இவ்வளவு என்ற ஒதுக்கீடும் இல்லை. மற்றது ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப். பிஎச்டிக்குப் பின் எட்டு ஆண்டுவரை போடலாம், ஆனால் கெடுவுக்கு முந்தைய 36 மாதத்தில் நீங்கள் போக விரும்பும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஏற்கெனவே ஜெர்மனியில் ஒன்றரை வருஷமாக இருப்பவர் ஜெர்மனிக்கே போட முடியாது என்பதைக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் கண்டுபிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2024 அழைப்புக்கு 10,360 விண்ணப்பங்கள் வந்தன, 2025இல் அது 17,058 ஆகிவிட்டது. அமெரிக்கா ஆட்டம் கண்டது இதற்கு ஒரு காரணம், முன்மொழிவு எழுத இயந்திரங்கள் வந்துவிட்டது இன்னொன்று என்று எனக்குப் படுகிறது. எப்படியோ, இதை மட்டும் நம்பி உட்காரும் காலம் போய்விட்டது. ஜப்பானின் அரசு சார்ந்த நிதி அமைப்பான ஜே.எஸ்.பி.எஸ்ஸின் ஃபெலோஷிப்பில் வழக்கமாக உங்களை ஏற்கும் பேராசிரியர்தான் விண்ணப்பம் போடுவார், ஆகவே அவரைப் பிடிப்பதுதான் உங்கள் விண்ணப்பம். உயிரியலில் எம்போ (ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பு) தரும் ஃபெலோஷிப்புக்கு பிஎச்டி முடித்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

எல்லாக் கடிகாரமும் பிஎச்டி பட்டம் கிடைத்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். நம் ஊரில் தீசிஸ் கொடுத்து, வெளிநாட்டு மதிப்பீட்டாளர் அறிக்கை வந்து, வைவா நடந்து, புரவிஷனல் சான்றிதழ் கையில் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும், அது எரிச்சல்தான். ஆனால் இந்தக் கணக்கில் அது உங்களுக்குச் சாதகம், கடிகாரம் இன்னும் தொடங்கவில்லை. அந்த இடைவெளியில் முன்மொழிவை எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்று சொல்லும் வழிகாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள், நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் ஒரே பாராட்டோடு போய்ச் சேர்ந்தால் தேர்வுக் குழுவில் முதலில் கண்ணில் படுவது அதுதான். எழுதச் சொன்னால் கடிதம் எழுதாதீர்கள், ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள்: எந்த ஆண்டு என்ன பிரச்சினை வந்தது, நான் என்ன செய்தேன், அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் சார் என்று. அதைப் பார்த்து அவர் நாலு வரி சொந்தமாக எழுதினால் போதும். அமெரிக்கத் தளங்களில் கடிதம் நேராக அவர் மெயிலிலிருந்துதான் போக வேண்டும், ஜிமெயில் முகவரி கொடுத்தால் சந்தேகப்படுவார்கள், நிறுவன முகவரி இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

அமெரிக்காவை இப்போது முதல் திட்டமாக வைக்க நான் சொல்ல மாட்டேன். 2025இல் ஆய்வு நிதிகள் பாதியில் ரத்தாயின, பல பல்கலைக்கழகங்கள் ஆள் எடுப்பதை நிறுத்திவைத்தன, எச்-1பி வேலை விசாவுக்குப் புதிதாக 1,00,000 டாலர் கட்டணம் என்று செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. போஸ்ட்டாக் பெரும்பாலும் ஜே-1 விசாவில் போவதால் அந்தக் கட்டணம் உடனே தொடாது, அதற்கடுத்த வேலைக்கு அமெரிக்காவுக்கு வெளியே இருந்து எச்-1பி போடும்போதுதான் கழுத்தைப் பிடிக்கக்கூடும். ஒரு நல்ல செய்தியும் உண்டு: ஜே-1 முடித்தால் இரண்டு ஆண்டு ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற விதிக்கு அடிப்படையான திறன் பட்டியலை 2024 டிசம்பரில் திருத்தினார்கள், அதில் இந்தியா இல்லை. அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கு அந்த விதி இன்னும் உண்டு.

இந்தியாவில் திட்டங்களில் ரிசர்ச் அசோசியேட் வேலைக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப்பை முன்பு மத்திய அரசின் எஸ்.இ.ஆர்.பி வாரியம் நடத்தியது, இப்போது அதன் இடத்தில் வந்த ஏ.என்.ஆர்.எஃப். வயது வரம்பு 35, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு. வெளிநாடு போக முடியாத சூழல் இருப்பவர்கள், குறிப்பாகக் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்கள், இதை இரண்டாம் தரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஆனால் சேருமுன் பணம் மாதாமாதம் வருகிறதா, மூன்று மாதம் சேர்த்து வருகிறதா என்று அங்கே இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு, கையில் கொஞ்சம் சேமிப்போடு போங்கள்.

வெளிநாட்டு ஆஃபர் வந்தால் கேட்க வேண்டியது: இது வேலை ஒப்பந்தமா, உதவித்தொகையா? ஜெர்மனியில் ஒப்பந்தம் என்றால் அரசுச் சம்பள அட்டவணையில் இ13 என்ற நிலை, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் உள்ளே வரும். உதவித்தொகையில் கையில் வரும் தொகை பெரிதாகத் தெரியும், காப்பீடு பல சமயம் உங்கள் தலையில். பிஎச்டிக்குப் பிறகு வழக்கமான தற்காலிக ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு என்ற வரம்பும் அங்கே உண்டு, அதை ஒட்டி 2021இல் ஆய்வாளர்கள் பெரிய கிளர்ச்சியே செய்தார்கள். சேருவதற்கு முன் பணம் கட்டச் சொன்னால், அது பிராசசிங் ஃபீஸ் என்றாலும் சரி, டெபாசிட் என்றாலும் சரி, மெயிலை அழித்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் பெயர். நம்மில் பலருக்கு சான்றிதழில் முன்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் இடத்தில், கட்டுரைகளில் ஒரு சமயம் முன்னால் ஒரு சமயம் பின்னால். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் மட்டும் இருந்து இயற்பெயர் இடம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் முதல் பெயர் "எஃப்.என்.யு" ஆகிவிடும், வங்கியிலும் சம்பளப் பட்டியலிலும் அப்படியே தொடரும். விண்ணப்பிக்க ஆரம்பிக்கும் முன்பே ஓர்கிட் எனப்படும் ஆய்வாளர் அடையாள எண் ஒன்று எடுத்து எல்லாக் கட்டுரைகளையும் அதில் சேருங்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கும் வாய்ப்பு இருந்தால் இரண்டு கட்டத்தையும் நிரப்பி வாங்குங்கள், அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் போகிறதோ அதையே இனி எல்லா இடத்திலும் எழுதுங்கள். இதற்கு ஆகும் அலைச்சலை வைவாவுக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே முடித்துவிடலாம்.